மலையருவியும் ஏரித் தீவும்

குற்றாலத்துக்குப் போய் வந்தவர்கள் குற்றாலத்தைப் பற்றிப் பேசுவார்கள். போகாதவர்கள், அடுத்த வருஷம் போகப் போவதைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு கட்சியாருக்கும் அது இன்பமான பொழுதுபோக்குதான். ஆனால் திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியில் குடியிருந்துகொண்டு, குற்றாலத்தையும் அந்தமானையும் பற்றிக் கனவு காண்பது சற்று விநோதமான காரியம். ஏனெனில், தேர்வாய் கண்டிகையில் காலையில் காபி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், வடமேற்கே ஓர் அருவியையும் வடகிழக்கே ஒரு தீவையும் மோட்டாரில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிப் பிடிக்கலாம். இவ்வளவு அருகில் இருப்பதனாலேயே யாரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை போலும்.

எங்கள் கோஷ்டியில் ஆறு குடும்பங்கள். குழந்தை குட்டிகளுடன் பதினேழு பேர். பெரும்பாலோர் இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள், அல்லது வேலை செய்கிறவர்களின் வீட்டார். மார்கழி கழிந்து தை பிறந்ததும் உப்பலமடுகு அருவிக்கும் இருக்கம் தீவுக்கும் போய்வருவது என்று தீர்மானமாயிற்று. தீர்மானம் செய்வதற்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. திட்டம் போடுவதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

திட்டத்தைச் சொல்லுமுன் எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 'கண்டிகை' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். எல்லையைத் தாண்டினால் அதுவே 'கண்ட்ரிகை' ஆகிவிடுகிறது; புச்சிநாயுடு கண்ட்ரிகை என்று ஒரு மண்டலத்துக்கே பெயர். மொழிகள் இரண்டானாலும் மண் ஒன்றுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தேர்வாயில் முன்பெல்லாம் ஏரியும், மேய்ச்சல் நிலமும், காட்டு மரங்களுமே சொத்து. 2007-ஆம் வருஷத்துக்குப் பிறகு, ஆயிரத்து நூறு ஏக்கருக்கும் அதிகமான அந்தப் பொது நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பெரும்பாலும் ஆதிதிராவிடர்களான ஊர்மக்கள், கிராம சபையில் தீர்மானம் போட்டும் மறியல் செய்தும் எதிர்த்துப் பார்த்தார்கள். பிறகு பிரெஞ்சு தேசத்து மிஷெலின் கம்பெனியின் டயர்த் தொழிற்சாலையும் மற்றத் தொழிற்சாலைகளும் எழுந்தன. மாடு மேய்ந்த இடத்தில் இன்று கன்டெய்னர் லாரிகள் மேய்கின்றன. 2020 நவம்பர் 21-ஆம் தேதி, கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் சேர்த்து அமைத்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. சென்னையின் தாகத்தைத் தணிக்கும் ஐந்தாவது நீர்த்தேக்கம் இது; ஐம்பது கோடி கன அடி கொள்ளும். இதன் கரையில் மாலைவேளையில் நின்று மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரிகிற மலைகளில்தான் எங்கள் அருவி இருக்கிறது. அந்த மலைகளைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு ஒருவராவது அங்கே போயிருப்பார்களா என்பது சந்தேகமே.

அந்த மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறல்கள். நகரி, நாகலாபுரம், சத்தியவேடு என்று ஊருக்கு ஒரு பெயராக வழங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் மேகங்கள் சமவெளியைத் தாண்டி வந்து முதலில் முட்டிக்கொள்வது இவற்றின்மேல்தான். அங்கே பெய்யும் மழை, ஓடையாய், காலங்கியாய், ஆரணியாறாய் இறங்கி, கடைசியில் பழவேற்காட்டு ஏரியில் போய்ச் சேருகிறது. ஆகவே, அருவியையும் தீவையும் ஒரே பிரயாணத்தில் சேர்த்தது எங்கள் பேராசையினால் மட்டுமல்ல. ஒரே தண்ணீர் மலையில் எப்படிப் புறப்படுகிறது, கடலோரத்தில் எப்படி முடிகிறது என்பதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கோஷ்டியிலுள்ள பள்ளி ஆசிரியை ஒருவர் பிடிவாதமாக இருந்தார். பூகோளப் பாடத்தை இதைவிட மலிவாகக் கற்பிக்க முடியாதென்பது அவர் கட்சி.

இரண்டு இடங்களுமே இப்பொழுது ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கின்றன. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர்த் தாலுகாக்களின் வட பகுதிக் கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. 2022 முதல் இவை புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. சத்தியவேட்டுக் கடைத் தெருவில் ஒரே பேரத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பதை இன்றும் கேட்கலாம். எல்லைக் கோடு காகிதத்தில் இருக்கிறது. கத்தரிக்காய் வியாபாரத்தில் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே ஒரு பெரிய விவாதம் மூண்டது. "அருவிக்கு ஆண்கள் மட்டும் போகட்டும், பெண்களும் குழந்தைகளும் நேரே படகுத்துறைக்கு வந்துவிடட்டும்" என்று ஒரு கனவான் பிரேரேபித்தார். பாறை வழி, காடு, குரங்குகள் என்று காரணங்களை அடுக்கினார். அதற்கு ஆமோதிப்பு கிடைக்கவில்லை. "தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறவள் நான், பாறையைக் கண்டா பயப்படுவேன்?" என்று அவருடைய மருமகளே கேட்டுவிட்டாள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர், "நான் மலை ஏறப் போவதில்லை, ஆனால் அடிவாரம் வரைக்கும் வருவேன். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டாமா?" என்றார். பிரேரணை தோற்றது. பாட்டியின் உத்தியோகம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.

அது வேடிக்கைக்காகச் சொன்ன பேச்சல்ல. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் நம் சென்னையிலிருந்து போன இளம் பெண்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து காடு திரி போல் இருக்கும் என்பது மலைவாசிகளுக்குத் தெரியும்; பட்டணவாசிகளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். ஆகையால் எங்கள் முதல் முடிவு பருவத்தைப் பற்றியதாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அருவி பொங்கும். ஆனால் மலைமேல் ஒரு மழை பெய்தால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும். பங்குனியில் தண்ணீரும் இராது, நெருப்புப் பயமும் உண்டு. தை மாஸத்தில் மழை ஓய்ந்திருக்கும், அருவியும் வற்றியிராது, ஏரியில் பறவைகளும் வந்திருக்கும். அப்போதும்கூட, கடைசி மழை பெய்து சில நாட்களாவது ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டோம்.

இரண்டாவது வாரம் எங்களில் மூவர் முன்கூட்டியே போய் வழி பார்த்துவந்தோம். கோஷ்டியாகப் பிரயாணம் போகும் எல்லாக் குடும்பத்தாருக்கும் இந்த முறையை வற்புறுத்திச் சிபாரிசு செய்கிறோம். பெட்ரோல் செலவு கொஞ்சம் அதிகந்தான். ஆனால் பதினேழு பேரை அழைத்துக்கொண்டு போய், நடுவழியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதைவிட அது லாபம்.

சத்தியவேடு தாண்டி, 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டித் தொழில் நகரத்தின் நீண்ட வேலிகளைக் கடந்து, வரதையபாளையத்தில் மேற்கே திரும்பினால் நிலத்தின் சாயலே மாறிவிடுகிறது. வயல், பிறகு புதர், பிறகு காடு. காட்டு இலாகாவின் சாவடியில் கட்டணம் செலுத்திப் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். சாராயப் புட்டி, பிளாஸ்டிக் பை ஒன்றும் கூடாது. சென்னைவாசிகள் இதைத் 'தடா அருவி' என்று சொல்லுகிறார்கள். தடா என்பது கிழக்கே ரயில் பாதையில் உள்ள ஸ்டேஷன். ஊர்க்காரர்களுக்கு இது உப்பலமடுகு. 'மடுகு' என்ற தெலுங்குச் சொல் வேறொன்றுமில்லை, நம்முடைய 'மடு'வேதான். பெயரைக் கேட்டாலே இங்கே பார்க்க வேண்டியது என்ன, பயப்பட வேண்டியது என்ன என்று தெரிந்துவிடும்.

வண்டி போகும் பாதை முடிந்ததும் நடை. முதலில் மர நிழலில் சுகமான வழி. வழியில் காட்டுக்குள் ஒரு சிவன் கோயில். மகா சிவராத்திரியன்று சுற்று வட்டாரமே அங்கே கூடிவிடும். அப்புறம் ஓடையே வழி. யானைக் குட்டிகள் படுத்திருப்பதுபோல் வழவழவென்று உருண்ட பாறைகள். இடையிடையே பச்சைக் கண்ணாடி போன்ற நீர்க் குட்டைகள். ஒவ்வொரு குட்டையும் "இங்கேயே உட்கார்ந்துவிடலாமே!" என்று சொல்லுகிறது. உட்காரத்தான் வேண்டும்; கட்டுச் சாத மூட்டையை மட்டும் அவிழ்க்கக் கூடாது. குரங்குகளுக்குப் புளியோதரையின் வாசனை பர்லாங் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் கைகளையும் ஊன்றி ஏறவேண்டியிருக்கிறது. ஏறி நிமிர்ந்தால், செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து தண்ணீர் வெண்பட்டு நூலாகப் பிரிந்து இறங்குவது தெரியும். குற்றாலத்தைப் போல் இடிமுழக்கம் இல்லை. பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். ஆனால் யாருக்கும் பேசத் தோன்றவில்லை.

அடியில் உள்ள மடுதான் ஆளை விழுங்குவது. மேலே பார்க்கக் குளம்போல் சாந்தமாயிருக்கும். இரண்டடி எடுத்து வைத்தால் ஆழம். பாறையின் பாசி வழுக்கி விடுவதற்குத் தயாராக இருக்கும். இங்கே இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்திகள் பத்திரிகைகளில் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நீச்சல் தெரிந்தவர்கள் உள்பட யாரும் மடுவில் இறங்குவதில்லை, குளியல் எல்லாம் முழங்கால் அளவு நீரில்தான் என்று அங்கேயே ஒப்பந்தம் செய்துகொண்டோம். எங்களில் ஒருவர் பள்ளிக்கூட நாளில் நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கியவர், அவருக்குத்தான் மனத்தாங்கல். கோப்பையை வேண்டுமானால் கொண்டுவந்து மடுவைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று சமாதானம் சொன்னோம்.

இனி ஏரி. பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்ட மணல் திட்டாக ஸ்ரீஹரிகோட்டை கிடக்கிறது. அந்தத் தீவின் காட்டிலிருந்துதான் ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்கு விறகு வந்தது. பக்கிங்காம் கால்வாயில் படகு படகாக வரும். தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களைக் கூலிக்கு அமர்த்தி வெட்டி நீட்டிய கால்வாய் அது. 1878-இல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. இதே கால்வாயின் தென் பகுதியில்தான் 1930-களில் பாரதிதாசன் நண்பர்களுடன் படகேறி மாமல்லபுரம் சென்று, 'மாவலிபுரச் செலவு' பாடினார். கோஷ்டிப் பிரயாணம் நமக்குப் புதிதல்ல. அந்தக் கால்வாய் இன்று பல இடங்களில் தூர்ந்து, சென்னைக்குள் சாக்கடையாகி நாறுவது வேறு கதை.

விறகு வந்த ஸ்ரீஹரிகோட்டையிலிருந்து 1971-இல் முதல் சிறு ராக்கெட்டு கிளம்பிற்று. 1980-இல் நம்முடைய சொந்த ராக்கெட்டே ரோகிணி என்ற துணைக்கோளை வானத்தில் நிறுத்தியது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 இங்கிருந்துதான் புறப்பட்டுச் சந்திரனின் தென் துருவப் பக்கத்தில் போய் இறங்கிற்று. இதைக் கேட்டதும் பையன்கள் எல்லோரும் ராக்கெட்டு நாளிலேயே போகவேண்டுமென்று கூச்சலிட்டார்கள். ராக்கெட்டு விடும் சமயங்களில் மீனவர்களைக் கடலுக்குப் போகவொட்டாமல் நிறுத்திவைப்பது வழக்கம். ஆகவே அந்தத் தேதிகளை விலக்கிவிட்டே நாள் குறித்தோம். ராக்கெட்டைப் பிறிதொரு நாள் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

படகு விஷயம் வந்தபோது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினத்தன்று, இதே ஏரியில் பழவேற்காட்டுப் பக்கம் உல்லாசமாகப் போன படகு ஒன்று கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் உறவினர்கள். எங்களைப்போலவே, லீவு நாளில் சேர்ந்து கிளம்பிய கூட்டம். அளவுக்கு மீறி ஏறியிருந்தார்கள். அதன்பின் அங்கே உல்லாசப் படகுகளுக்குத் தடை விதித்தார்கள். "ஏரி இடுப்பளவு ஆழந்தானே, என்ன பயம்?" என்று ஒருவர் கேட்டார். சராசரியாக ஏரி ஆழமற்றதுதான். ஆனால் அடியில் இருப்பது சேறு. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க ஆழமும் வேறு, நீரோட்டமும் வேறு. புடவை கட்டிய பெண்ணுக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் சராசரி ஆழத்தினால் என்ன பிரயோஜனம்?

தீவை விட்டுவிடலாம் என்று இரண்டு குடும்பங்கள் சொல்லின. போகத்தான் வேண்டுமென்று இரண்டு குடும்பங்கள். மற்ற இரண்டும் பாட்டியின் முகத்தைப் பார்த்தன. பாட்டி, "அந்தத் தீவில் ஜனங்கள் இருக்கிறார்களா இல்லையா? அவர்கள் தினம் எப்படி வருகிறார்கள், போகிறார்கள்? அதைப்போய்க் கேளுங்கள்" என்றார். எங்களுக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை.

இருக்கம் என்றும் இரக்கம் என்றும் அதைச் சொல்லுகிறார்கள். ஆந்திர எல்லைக்குள், ஏரியின் நடுவே, தமிழ் பேசும் மீனவர் குடும்பங்கள் வாழும் தீவு. தடாவுக்குக் கிழக்கே பீமுலவாரிப்பாளையத்துப் படகுத்துறையிலிருந்து போக வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் முதல் மண்ணெண்ணெய் டின் வரையில் எல்லாம் படகில்தான் வரவேண்டும். துறையில் ஒரு முதிய படகோட்டியைக் கண்டு பேசினோம். "எத்தனை பேர்?" என்றார். பதினேழு என்றோம். "பதினேழு பேருக்கு ரெண்டு படகு, ரெண்டு தடவையானாலும் சரிதான். குழந்தைங்களை எல்லாம் ஒரே படகில் ஏத்தாதீங்க ஐயா. ஆளுக்கொரு பெரியவங்க பக்கத்தில் இருக்கணும். மிதவைச் சட்டை போடாதவங்க ஏறக் கூடாது. மத்தியானம் காத்து எழும்பும், அதுக்குள்ளே திரும்பிடணும். நான் வேண்டாம்னு சொன்னா, அன்னைக்கு வேண்டாம்" என்றார். வாடகையைப் பற்றி அவர் கடைசியில்தான் பேசினார். வாடகையை முதலில் பேசுகிறவரிடம் குழந்தைகளை ஒப்படைக்காதீர்கள் என்று நேயர்களுக்கு நாங்கள் தயக்கமின்றிச் சொல்லுவோம்.

அன்றைக்கு அவருடைய படகிலேயே மூவரும் தீவுக்குப் போனோம். தூரத்தில் ஏரியின் விளிம்பில் யாரோ ரோஜாப்பூ நிறத்தில் ஒரு கோடு இழுத்திருப்பதுபோல் தெரிந்தது. கோடு அசைந்தது: பூநாரைகள். அவை கட்ச் ரண்ணின் உப்பு வெளிகளில் குஞ்சு பொரிப்பவை. குளிர் காலத்தில் ஆயிரக் கணக்கில் இங்கே வருகின்றன. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை வடிகட்டிப் பாசியையும் சிற்றுயிர்களையும் தின்னும். அந்த உணவிலுள்ள சாயந்தான் சிறகில் சிவப்பாக ஏறுகிறதாம். படகோட்டி வெகுதூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றத் தொடங்கினார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கெட்டியாக வழக்கப்படுத்திக்கொண்டது அது.

வலை கட்டியிருந்த கழிகளைக் காட்டி, "இஷ்டப்பட்ட இடத்தில் வலை போட்டுவிடலாமோ?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. எந்தக் குப்பத்தார் எந்த நீர்ப்பகுதியில் எந்த நாளில் வலை வைக்கலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாது; மோசமான இடமும் அப்படியே. பாட்டில் சேராதவர்களுக்கு இடமில்லை என்ற குறையும் அதில் உண்டு. அதனால் சச்சரவுகளும் நடந்திருக்கின்றன. ஆனாலும், கோர்ட்டும் வக்கீலும் இல்லாமல் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டவர்களைப் பார்த்து, ஆறு குடும்பத்துக்கு ஒரு பிரயாணத் தேதி குறிக்க நான்கு வாரம் எடுத்துக்கொண்ட நாங்கள் ஆச்சரியப்பட்டோம்.

தீவில் பனைகளும், சிறு வீடுகளும், வெயிலில் காயும் வலைகளும். விளம்பரப் படங்களில் வரும் தீவுபோல் இளநீரும் ஊஞ்சலும் அங்கே யாரும் நமக்காகக் கட்டி வைத்திருக்கவில்லை. ஒரு வீட்டு அம்மாளிடம், பதினேழு பேருக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துத் தர முடியுமா என்று கேட்டோம். என்ன மீன் அகப்படுகிறதோ அதைச் சமைத்துத் தருவதாகவும், மீன் சாப்பிடாதவர்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். காடு ஒரு நாள், தீவு ஒரு நாள், நடுவில் ஒரு ராத்திரி சூலூர்ப்பேட்டையில் என்று அங்கேயே மணலில் உட்கார்ந்து முடிவு செய்தோம். விடியற்காலம் சற்று மிச்சமிருந்தால் நேலப்பட்டுச் சரணாலயத்தில், நீர்க்கடம்பு மரங்களின்மேல் கூடு கட்டும் கூழைக்கடாக்களையும் பார்த்துவிடலாம்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை, என்னென்ன கொண்டுபோவது என்று ஜாபிதா எழுதினோம். மிதவைச் சட்டைகள் குழந்தைகளின் அளவுக்குத் தனியாக. கயிறு ஒரு சுருள். வாழையிலை, துணிப் பை. பாட்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்ஸிலும். எழுதி முடிக்கும் தறுவாயில் ஒன்று நினைவுக்கு வந்தது. தீவை விட்டுப் புறப்படும்போது அந்த அம்மாளிடம், "ஊரிலிருந்து உங்களுக்கு ஏதாவது வாங்கிவரட்டுமா, அம்மா?" என்று கேட்டிருந்தோம். புடவை, பாத்திரம், பலகாரம் என்று எதையாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிறிது யோசித்து, "குழந்தைங்களுக்கு ஜுர மருந்து ரெண்டு புட்டி வாங்கி வாங்க, ஐயா. ராத்திரியில் காய்ச்சல் வந்தால் படகு கிடைக்காது" என்றார்.

ஜாபிதாவின் தலைப்பில் இடம் விட்டிருந்தோம். அதை அங்கே முதல் வரியாக எழுதினோம்.